சோறு எது வரைக்கும், டீச்சர்?

சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் நின்றால் எங்கள் ஊரில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். 2025 மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நானும் அங்கே போய் நின்றேன். கையில் பள்ளிக்கூட நோட்டீஸ். அரைத் தாள்தான். ஆண்டு விழா என்றைக்கு, மூன்றாம் பருவத் தேர்வு எப்போது தொடங்குகிறது, கடைசி வேலை நாள் எது, ஐந்தாம் வகுப்புக்கு டி.சி. எப்போது கொடுப்போம் என்று நாலு வரி. பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றைக் கொடுத்து, வாயாலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு அம்மா காலி கேனை இடுப்பில் இடுக்கியபடி தாளை வாங்கினார். பையன் இரண்டாம் வகுப்பு. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அதெல்லாம் சரி. சோறு எது வரைக்கும், டீச்சர்?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவரே விளக்கினார். "கடைசி நாள் சொல்றீங்க இல்ல, அன்னைக்கு மத்தியானம் சோறு போட்டு அனுப்புவீங்களா, இல்ல பரீட்சை எழுதினதும் வெறும் வயித்தோட அனுப்பிடுவீங்களா? நான் காலைல ஆறு மணிக்கு வேலைக்குப் போனா மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வருவேன். மறுநாள்ல இருந்து அவனுக்கு ஆக்கி வச்சுட்டுப் போவணும். அதான்."

கையில் மிச்சம் இருந்த நோட்டீஸ் கட்டைப் பார்த்தேன். நாலு வரியில் ஒன்றுகூட அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. "கடைசி வேலை நாள்" என்பது எங்களுக்கு வருகைப் பதிவேட்டை மூடுகிற நாள். அவருக்கு அது பிள்ளையின் இரண்டு வேளைச் சாப்பாடு நின்றுபோகிற நாள். 1982இல் தொடங்கிய சத்துணவு மதியத்துக்கு. காலையில் சாப்பாடு போடுவது 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்ட் 25இலிருந்து ஊர்ப்புறத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பள்ளியிலேயே கிடைப்பதால், விடிகாலையில் வேலைக்குக் கிளம்புகிற பெண்கள் அடுப்புப் பற்றவைக்காமலேயே போக முடிகிறது. மே மாதம் முழுக்க அந்த நிம்மதி இருக்காது. அரிசி, பருப்பு, யார் வீட்டில் பிள்ளையை விடுவது என்று அவர்கள் திட்டம் போட வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது முன்னால் தெரிய வேண்டும்.

மறுநாள் நோட்டீஸைத் திருத்தினேன். முதல் வரி: "கடைசிக் காலைச் சாப்பாடும் மதியச் சோறும்." அதற்கு நேரே நாள். மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

*

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டு ஆசிரியர், 43 பிள்ளைகள். தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. மேலே சொன்ன நோட்டீஸை எழுதுவது, நகல் எடுப்பது, கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் எங்கள் இரண்டு பேர் வேலைதான். பெரிய தனியார் பள்ளிகளில் இதற்கென்று செயலியும் நாட்குறிப்பேடும் இருக்கின்றன. நாங்கள் நம்பியிருந்தது கொரோனா காலத்தில் ஆரம்பித்த வாட்ஸப் குழுவை. 2021 நவம்பர் 1ஆம் தேதி சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்த பிறகும் அதை அப்படியே வைத்துக்கொண்டோம். நான் எதையாவது போடுவேன். நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். "பெற்றோருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது" என்று கூட்டப் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

2023 ஏப்ரலில் அந்தப் பழக்கம் போனது. போன விதத்தை இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அந்த வருஷம் ஆண்டு விழாவைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று முடிவு செய்திருந்தோம். இரண்டு வாரம் முன்னாலேயே குழுவில் போட்டாயிற்று, பிள்ளைகளிடமும் சொல்லி அனுப்பியாயிற்று. விழா அன்று காலை பத்தரை மணிக்கு, வர வேண்டிய சிறப்பு விருந்தினருக்கு மாலையில் வேறு வேலை, மூன்று மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். சரி என்றோம். நான் உடனே குழுவில் எழுதினேன்: "விழா நேரம் மாற்றம். மாலை 5 மணிக்குப் பதில் 3 மணி. அனைவரும் வருக." வழக்கம்போல நாலு கட்டைவிரல் வந்தது. நாற்காலி போட, மேடை கட்ட என்று ஓடினேன்.

நான்காம் வகுப்பில் ஒரு பெண் மயில் ஆட்டம் ஆடினாள். அட்டையில் பச்சை, நீல ஜிகினாத் தாள் ஒட்டித் தோகை செய்து, நடுவில் உண்மையான மயிலிறகு ஏழெட்டை முருகன் கோவில் பூசாரியிடம் இரவல் வாங்கிச் செருகியிருந்தோம். ஆட்டத்தில் ஒரு இடத்தில் தோகையை விரித்துக்கொண்டு சுற்றிவந்து கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஒத்திகையில் எல்லாம் அழகாகச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்குக் கூட்டத்தைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேடைக்குப் பக்கத்திலிருந்து "இங்க பாரு, இங்க பாரு" என்று சைகை காட்டினேன். எதைப் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாலே முக்காலுக்கு விழா முடிந்து, மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய அம்மா வந்தார். குளித்துவிட்டு, தலையில் பூ வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, சின்னவனைக் கையில் பிடித்தபடி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். அடுக்கிவைத்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிடுச்சா, டீச்சர்?" என்று கேட்டார். கோபம் எல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

குழுவில் இருந்த எண் அவருடைய வீட்டுக்காரருடையது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். காலையில் என் செய்தியைப் பார்த்து, கட்டைவிரல் போட்ட நாலு பேரில் அவரும் ஒருவர். ஊரில் இருப்பவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டார். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அவர் காலையிலிருந்து நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் இருந்தார்.

மைக் செட் போய்விட்டது. "அம்மாவுக்கு இன்னொரு தடவை ஆடிக்காட்டுறியா, நான் பாடுறேன்" என்றேன். "வேணாம் டீச்சர்" என்றாள். படியில் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இரவல் வாங்கின மயிலிறகுகளை ஒவ்வொன்றாக, முறியாமல், தோகையிலிருந்து உருவி என் கையில் கொடுத்தார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். 43 பிள்ளைகளில் 17 பேர் வீட்டிலிருந்துதான் மூன்று மணிக்கு யாராவது வந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் நேரத்தை மாற்றச் சொன்னது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சரி என்று சொன்னது நாங்கள். யாருக்காக விழா என்பதை மறந்து சரி என்று சொன்னோம். அப்புறம், ஒரு செய்தியைத் தட்டிவிட்டதும் அது எல்லா வீட்டுக்கும் போய்விட்டதாக நான் நம்பினேன்.

*

அதற்குப் பிறகு ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கைப்பேசி எண் பதிந்திருக்கிறோம். அந்த எண் யார் கையில் இருக்கிறது என்று அதில் இருக்காது. என் நோட்டில் அதுதான் இருக்கிறது. நாலைந்து பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"அப்பா திருப்பூர். அம்மா பட்டன் போன், பகலில் சார்ஜ் இருக்காது. எதிர்வீட்டு மளிகைக் கடையில் சொன்னால் போதும்."

"பாட்டிதான் வளர்க்கிறார். காது மந்தம். நேரில் போய்ச் சொல்லணும், காலை எட்டு மணிக்குள்."

"போன் அண்ணன் கையில். காலேஜ் போகிறான். ராத்திரி எட்டுக்கு மேல் கூப்பிடணும்."

"ரீசார்ஜ் முடிந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் போடுவார்கள். சீட்டு எழுதிப் பையில் வைக்கணும்."

இந்த நோட்டை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. வீடு வீடாகப் போனேன். எங்கள் ஊரில் 43 பிள்ளைகள் என்றால் முப்பத்துச் சொச்சம் வீடுதான், பெரிய வேலை இல்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டது நாலு வருஷத்தில் தெரியாதது. குழுவில் இருந்த 38 எண்ணில் 14 எண் வெளியூரில் இருக்கிறவர்களுடையது. ஆறு எண் வேறு யாரிடமோ போய்விட்டது. ஒருவர், "நான் உங்க ஊரே இல்லீங்க, தெனமும் பள்ளிக்கூடத்து மெசேஜா வருது, சின்னப் பசங்க போட்டோ நல்லா இருக்குன்னு வெளிய போவாம வச்சிருக்கேன்" என்றார். பிள்ளைகளின் படங்களை அதுவரை யார் யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்றே குழுவைச் சுத்தம் செய்தேன்.

எழுதி அனுப்புவதையும் குறைத்தேன். இப்போது அரை நிமிடத்துக்குள் பேசி அனுப்புகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும், வெளிச்சமில்லாத இடத்தில் கண் தெரியாத பாட்டியும் கேட்டுக்கொள்ளலாம். ஒரு பேச்சில் ஒரே ஒரு விஷயம். தேதியைச் சொன்னால் கூடவே கிழமையும், அதற்குப் பக்கத்தில் ஊருக்குத் தெரிந்த ஒரு நாளும் சொல்லிவிடுவேன். "பதினேழாம் தேதி" என்றால் யாரும் நினைவில் வைப்பதில்லை. "வருஷப் பொறப்பு திங்கக்கெழமை வருது இல்ல, அந்த வாரம் வியாழக்கெழமை, பெரிய வெள்ளிக்கு மொத நாள்" என்றால் மறக்கமாட்டார்கள். பேச்சின் கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியம்: "இதைக் கேட்டவங்க, வீட்ல இருக்கறவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க." திருப்பூர்க்காரர்கள் இப்போது தவறாமல் சொல்கிறார்கள். முன்பும் சொல்லியிருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை.

போனைவிட நல்ல வழிகள் ஊரிலேயே இருக்கின்றன. ஒன்று பால் சொசைட்டி. இன்னொன்று எங்கள் காலை உணவு அக்காக்கள். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வருகிறவர்கள், அவர்கள் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில்தான் படிக்கின்றன. கிச்சடி கிண்டும்போது ஒரு விஷயத்தைச் சொன்னால் பத்து மணிக்குள் மேலத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். காலனிக்கும் போகிறதா என்று மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் பட்டும்படாமல் சொல்ல விரும்பவில்லை. ஊர்ப் பேச்சு ஒரு தெருவோடு நின்றுவிடும், அடுத்த தெருவுக்குத் தாண்டாது. அதனால் காலனிக்கு நானே நேரில் போகிறேன், ஒவ்வொரு தடவையும், முதலில்.

ஊர்ப் பெரியவர் ஒருவர், "தண்டோரா போட்டா ஒரே நாள்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே டீச்சர்" என்றார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. யாரோ ஒருவரைப் பறையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகவைக்கிற அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியிருந்தார். பிள்ளைகளின் விழாவுக்கு அந்த வழியில் அழைப்பு போகக் கூடாது. ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் ஒரு ஷேர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் குரலையே பதிவு செய்து போட்டோம். தன் பிள்ளையின் குரல் தெருவில் கேட்டதும் வாசலுக்கு ஓடிவந்த அம்மாக்களைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.

*

சொல்வதைப் போலவே நேரத்தைக் குறிப்பதும் முக்கியம். வர முடியாத நேரத்தில் விழா வைத்துவிட்டு, "தகவல் கொடுத்தும் பெற்றோர் வருவதில்லை, அக்கறை இல்லை" என்று பேசுவதை ஆசிரியர் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன். நூறு நாள் வேலையில் அப்போதெல்லாம் காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை செல்போனில் படம் எடுத்தால்தான் அன்றைக்கு வருகை. இரண்டாவது படத்தில் ஆள் இல்லையென்றால் கூலி போச்சு. பதினொரு மணிக்கு ஒரு பெற்றோர் கூட்டம் என்றால் அந்த அம்மா பிள்ளைக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தது. பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டு, அன்றன்றைக்கு எப்போது படம் முடியும் என்று தெரிந்துகொண்டிருந்தால் போதும், அந்தச் சிக்கல் தீர்ந்திருக்கும். நாங்கள் கேட்டதே இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் குழுக்களைப் புதுப்பித்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். எங்கள் குழுத் தலைவரும் ஒரு அம்மாதான். 2024 ஆண்டு விழாவுக்கு நேரம் குறிக்க அவரிடம் விட்டோம். யோசிக்கவே இல்லை அவர். "பால் ஊத்திட்டு, மாட்டைக் கட்டிட்டு, ஆறரைக்கு வந்துடலாம். எட்டு மணிக்கு முடிச்சிடுங்க, புள்ளைங்க தூங்கிடும்." விருந்தினருக்கு அது ஒத்துவராது என்று தலைமையாசிரியர் தயங்கினார். "அப்ப ஊர்லயே யாரையாவது கூப்பிடுங்க சார்" என்றார். இந்தப் பள்ளியில் படித்துவிட்டு மாவட்டத் தலைநகரில் செவிலியராக இருக்கிற பெண் ஒருவர் வந்தார். அவருக்கு அது பெருமை, எங்களுக்கு அதைவிடப் பெருமை.

ஆட்டத்துக்கு உடை விஷயத்தையும் அந்தக் கூட்டத்தில் அவரே எடுத்தார். அதுவரை விழாவுக்கு நாலு நாள் முன்னால்தான் "மஞ்சள் பாவாடை, சிவப்புத் தாவணி" என்று சொல்லி அனுப்புவோம். இல்லாதவர்கள் 300 ரூபாய் கொடுத்து வாடகைக்கு எடுப்பார்கள், அல்லது அந்தப் பிள்ளை ஆட்டத்திலிருந்து நின்றுகொள்ளும். நின்றுகொண்ட பிள்ளைகள் எல்லாம் "எனக்கு ஆட வராது மிஸ்" என்றுதான் சொல்லியிருக்கின்றன. ஒன்றுகூட "உடை இல்லை" என்று சொன்னதில்லை. இப்போது மூன்று வாரம் முன்னால், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு அதற்குத் தகுந்தாற்போல ஆட்டத்தை அமைக்கிறோம். அம்மாவின் பழைய சேலை, அப்பாவின் வேட்டி, தாத்தாவின் துண்டு. போன தடவை நாற்று நடுகிற ஆட்டத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பைசா செலவில்லை.

*

தேதி மாறுவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. 2025இல் தொடக்கப் பள்ளித் தேர்வு ஏப்ரல் 9 முதல் 21 வரை என்று இருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனதால் 7இல் தொடங்கி 17இல் முடியும் என்று மார்ச் கடைசியில் மாற்றினார்கள். பிள்ளைகளுக்கு நல்லதுதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நான் வீடு வீடாகக் கொடுத்த தாளில் பழைய தேதி இருக்கிறதே. பள்ளி திறப்பும் அப்படித்தான். 2023இல் சின்ன வகுப்புகளுக்கு முதலில் ஜூன் 5 என்றார்கள், பிறகு 7 என்றார்கள், கடைசியில் 14ஆம் தேதிதான் திறந்தது. 7ஆம் தேதி காலையில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் சீருடையோடு நின்றுகொண்டிருந்ததாக எதிர்வீட்டுப் பாட்டி பிறகு சொன்னார். பக்கத்து ஊரில் ஆயா வீட்டில் இருந்தவர்களை அதற்காகவே கூட்டிவந்திருக்கிறார்கள்.

அதிலிருந்து எந்தத் தேதி சொன்னாலும், "இது மாறலாம், மாறினா நானே வந்து சொல்லுவேன், நான் வந்து சொல்லலைன்னா மாறலைன்னு அர்த்தம்" என்று சேர்த்துச் சொல்கிறேன். அதைச் சொன்னால் அதன்படி நடக்க வேண்டும் என்பதால் எனக்கு அலைச்சல்தான். மாறிய தேதியை வேறு நிறத் தாளில் கொடுக்கிறேன். "ரோஸ் தாளு வந்தா வெள்ளைத் தாளக் கிழிச்சிடுங்க." படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது புரிகிறது.

செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மழை தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மூன்றாம் பருவம் முழுக்க அந்தப் பிள்ளைகள் பதிவேட்டில் பெயராக மட்டும் இருக்கும். 2025 பிப்ரவரியில் ஒரு அப்பா சூளையிலிருந்து கூப்பிட்டார். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியை மாற்றி 5, 8ஆம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்கலாம் என்று சொன்ன செய்தியை யாரோ அவரிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். "பரீட்சை எழுதலைன்னா பொண்ணு பேரை எடுத்துடுவாங்களாமே டீச்சர், நாங்க இங்கிருந்து வர முடியாது, மொதலாளிகிட்ட காசு வாங்கிட்டோம்" என்று அழுகிற குரலில் பேசினார். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை, பெயரையும் எடுக்கமாட்டோம், மழை வந்ததும் கூட்டிவாருங்கள், அது வரைக்கும் பக்கத்தில் ஏதாவது அரசுப் பள்ளி இருந்தால் போய் உட்காரட்டும், யாராவது கேட்டால் எனக்குப் போன் போடச் சொல்லுங்கள் என்றேன். ஐந்து நிமிடப் பேச்சு. அதை ஜனவரியில், அவர்கள் கிளம்பும் முன்னாலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரமே அந்த வீடுகளுக்குப் போய்விடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு முடிக்கிறவர்களுக்கும் ஏப்ரலில் சொன்னால் தாமதம். ஆறாம் வகுப்புக்கு நாலு கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். டி.சி. எமிஸிலிருந்துதான் எடுக்கிறோம். அதில் தலைப்பெழுத்தோ பிறந்த தேதியோ தப்பாக இருந்தால் பின்னால் ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டிவரும். அதனால் பிப்ரவரியிலேயே விவரத்தை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறோம். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் அப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால் ஜூனில் ஓடவேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை அந்த அம்மாக்களையும் பிள்ளைகளையும் டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ப் புதுப் பள்ளியைக் காட்டிவிட்டு வந்தோம். பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் முதலில் பார்த்தது கழிப்பறையை. இரண்டாவதாகப் பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக் கேட் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தார்கள்.

*

அழைப்பிதழை இரண்டு வருஷமாக அச்சடிப்பதில்லை. பிள்ளைகளே எழுதுகிறார்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்ற அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறோம். அரும்பில் இருக்கிறவன் நாலு சொல் எழுதுவான், மலரில் இருக்கிறவள் அரைப் பக்கம் எழுதுவாள். எதுவாக இருந்தாலும் அது அவன் வீட்டுக்குப் போகிற அழைப்பு. பிழை திருத்துவதில்லை. எழுதினவன் வீட்டுக்குப் போய், கேட்கிறவர் முன்னால் நின்று சத்தமாக வாசித்துக்காட்ட வேண்டும், அதுதான் வீட்டுப் பாடம். ஒரு வருஷம் முழுக்க அவன் என்ன படித்தான் என்று ஒரு ரேங்க் கார்டு சொல்லாததை அந்த ஒரு தாள் அம்மாவுக்குச் சொல்லிவிடுகிறது.

மயில் ஆட்டம் ஆடிய பெண் 2024இல் ஐந்தாம் வகுப்பு. அந்த வருஷம் அவள் கோலாட்டத்தில் இருந்தாள். ஆறரைக்கு விழா. நாங்கள் நாலு மணிக்கு நாற்காலி போடும்போதே அவளுடைய அம்மா வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் நேரம் இருக்கே அக்கா, போயி மாட்டைப் பாத்துட்டு வாங்களேன்" என்றேன். "இருக்கட்டும் டீச்சர், திரும்பவும் நேரம் மாறிடுச்சுன்னா?" என்றார். மாறாது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்தேன்.

2025 விழா மார்ச் 28, வெள்ளிக்கிழமை. சோறு எது வரைக்கும் என்று கேட்ட அம்மாவின் பையன் அரும்பு. அவன் எழுதிய அழைப்பை நான் பையில் வைக்கும் முன் பார்த்தேன். "அம்மா வா. மணி 6.30. பால் ஊத்திடு வா." 'ஊத்திட்டு' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது, நான் தொடவில்லை.

அன்று சொசைட்டியில் பால் எடுக்கத் தாமதமாகிவிட்டது போலிருக்கிறது. ஆறே முக்காலுக்கு வந்தார். வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருக்கிறார், கையில் காலி கேன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நாற்று நட வரிசையில் நின்றவன், கேனைப் பார்த்துவிட்டுக் குனிந்து நடவு நட ஆரம்பித்தான்.